மீட்டர் பார்க்க வந்தவர்கள்

முதலில் ஒரு பூனை.
ஜெலுத்தோங் அடுக்குமாடியில், பதினோராம் மாடியில்
நாங்கள் பூனை வளர்க்கவில்லை.
சோபா ஓரத்தில் வால் மட்டும் போகும்.
திரும்பினால்
விசிறிக் காற்றில் ஆடும் திரைச்சீலை.

பிறகு ஆட்கள் வந்தார்கள்,
மதியம் மூன்று மணி வாக்கில்,
மாத்திரை இறங்கி உடம்பு இளகும் நேரம் பார்த்து.
பனியனோடு ஒரு சீனக் கிழவர்.
நீலச் சீருடையில் இரண்டு பிள்ளைகள், காலில் சப்பாத்து இல்லை.
மழையில் நனைந்த ஒரு பெண்;
அவள் நின்ற இடத்தில்
தரை காய்ந்தே கிடந்தது.
யாரும் பேசவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை.
சுவரில் எதையோ தேடுகிறவர்கள்போல் நின்றார்கள்.

அந்த நிற்பு எனக்குத் தெரியும்.

முப்பத்தோரு வருடம் தண்ணீர் வாரியத்தில்
மீட்டர் பார்த்தவன் நான்.
டத்தோ கெராமாட்டிலிருந்து பாயா தெருபோங் வரை
அழைக்காமலே நுழைந்திருக்கிறேன்,
கோழிக்கூண்டுக்குப் பின்னால், குளியலறை ஓரமாய்,
ஒருமுறை ஒரு சாவு வீட்டில்
பெட்டியைச் சுற்றி நடந்துபோய்
எண்ணைக் குறித்துக்கொண்டு வெளியே வந்து
செருப்புக் குவியலில் என் செருப்பைத் தேடினேன்.
நீ யார் என்று ஒருவரும் கேட்டதில்லை.
என் சட்டையில் வாரியத்தின் முத்திரை இருந்தது.
இவர்கள் சட்டையில் ஒன்றுமில்லை.

டாக்டர் நோராஷிகின் சின்னப் பெண்.
"பயமுறுத்துகிறார்களா, அங்கிள்?" என்று கேட்டாள்.
மாத்திரையைக் குறைத்தால் ஆட்கள் போவார்கள்,
கால் தரையில் ஒட்டிக்கொள்ளும்.
கூட்டினால் கால் நடக்கும்,
வீடு நிறையும்.
அரை மாத்திரை என்று கணினியில் அடித்தாள்.
அந்த அரையைப் பழக்கத்தியால் வெட்டித் தருகிறாள் என் மனைவி.
இரண்டு பாதியும் ஒருநாளும் சமமாய் வந்ததில்லை.

சௌந்தரி ஆரம்பத்தில் அழுதாள்.
அப்புறம் சண்டை.
"அங்க ஒண்ணுமில்ல, கைய விட்டுப் பாருங்க."
விட்டேன். கிழவர் இல்லாமல் போனார்.
கையை எடுத்ததும்
நாற்காலி மாறி உட்கார்ந்திருந்தார்.
இப்போதெல்லாம் கோப்பி கலக்கும்போதே கேட்கிறாள்:
"இன்னிக்கு எத்தன பேரு?"
"நாலு."
"பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகலியா?"
"லீவாம்."

நானாகச் சில விதிகள் வைத்திருந்தேன்.
நிஜமானவர்களுக்குச் சிலிப்பர் சத்தம் உண்டு.
விசிறிக்கு அடியில் அவர்கள் முடி அசையும்.
ஏதாவது வேண்டும் என்பார்கள்.

கேஸ்காரப் பையன் விதிக்கு அடங்கவில்லை.
சிலிப்பரை வாசலில் கழற்றிவிட்டு வந்தான். மொட்டை.
தோம்பை இறக்கிவிட்டுச் சுவரோரம் நின்றான்,
காதுக்குள் ஏதோ பாட்டு.
நான் பத்திரிகையைப் புரட்டினேன்.
இவனும் எவ்வளவு நேரம்தான் நிற்பான், பார்ப்போம்.
"முப்பது வெள்ளி, அங்கிள்" என்றான்.
வெலவெலத்துப் போனேன்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் சௌந்தரி.
வெகுநாளுக்குப் பிறகு நானும்.

நேற்று விடியலில்
கட்டில் முனையில் சௌந்தரி உட்கார்ந்திருந்தாள்,
முதுகு காட்டி, கொண்டை முடிந்தபடி.
சன்னலில் பாலத்து விளக்குகள் இன்னும் அணையவில்லை.
பேச வாயெடுத்தேன்.
சமையலறையில் சௌந்தரி இருமினாள்.

கிழவர் வரட்டும், பூனை வரட்டும்,
இவளை மட்டும் அந்தக் கூட்டத்தில் சேர்க்காதே என்று
யாரிடம் மனு எழுதிக் கொடுப்பது?

தொட்டுப் பார்க்கவில்லை.
தொட்டால்
அவள் இல்லாமல் போவதைக்
கை ஒருமுறை பழகிவிடும்.

சிலிப்பர் சத்தம். கோப்பி வாசம்.
பீங்கானில் கோப்பை கிடுகிடுக்க வாங்கிக்கொண்டேன்.
"இன்னிக்கு எத்தன பேரு?"

கட்டில் முனையைப் பார்த்தேன்.
அந்த முதுகு இன்னும் அங்கேயே.
"நாலு" என்றேன்,
முப்பத்தோரு வருடத்தில்
ஓர் எண்ணைக்கூடக் குறைத்து எழுதாதவன்.